தாதியின் முதற் சம்பளம்

(பதுளை நகரில், தாதியர் பயிற்சி முடித்து வெளியேறும் பிள்ளைகளின் பெற்றோரும், தோட்டத் தொழிலாளரும், ஆசிரியரும், விவசாயிகளும் கூடிய கூட்டத்திலே நாம் நிகழ்த்திய உரை, சிற்சில திருத்தங்களுடன் இங்கே தரப்படுகின்றது.)



எண்பது பக்கக் கொப்பி ஒன்றைப் பற்றிக் கூறி இவ்வுரையை ஆரம்பிக்க விரும்புகின்றோம். அதன் சொந்தக்காரி மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயக் காம்பராவிலே பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கிலே படித்து, மூன்றாண்டுப் பயிற்சி முடித்துத் தாதியாக வெளியேறிய ஒரு பெண். அவள் வழக்குப் பேச நம்மிடம் வந்தவளல்லள். தகப்பனாரின் சேமலாப நிதிச் சிக்கல் ஒன்றிற்காக அவரோடு துணைக்கு வந்தாள். தகப்பனார் தமது கடதாசிகளைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், அவள் கையிலிருந்த கொப்பி என்னவென்று கேட்டோம். "செலவுக் கணக்கு ஐயா" என்றாள். பார்க்கலாமா என்றோம். சிறிது தயங்கியே தந்தாள்.

முதற் சம்பளம் பெற்ற மாதத்தின் கணக்கு அது. அறை வாடகையில் பாதிப் பங்கு. மறு பாதி கூட வேலைசெய்யும் இன்னொரு பெண்ணுடையது. பஸ் செலவு. வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி. அம்மாவுக்கு அனுப்பியது. தம்பியின் பாடசாலைச் செலவு. சீட்டுக் காசு. அதன்கீழே, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தொகையாக, "சங்கிலி" என்று ஒரு வரி. இறுதியில், "மிச்சம் 640" என எழுதி, இரண்டு கோடு கீறியிருந்தாள்.

சங்கிலி என்றால் என்ன என்று வினவினோம். பதவியேற்ற நாளுக்கும் முதற் சம்பளம் கைக்கு வந்த நாளுக்கும் இடையே பல வாரங்கள் சென்றன. கோவை ஓரிடத்திலும், கையொப்பமிட வேண்டிய அதிகாரி வேறோரிடத்திலும், நியமனக் கடிதத்தின் பிரதி மூன்றாம் இடத்திலுமாகக் கிடந்தன. அத்தனை வாரமும் அவள் வேலைசெய்தாள்; இரவுக் கடமையும் செய்தாள். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும், தாயின் கழுத்திலிருந்த ஒரே சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. அரசாங்கத்தின் தாதி, அரசாங்கம் தரவேண்டிய சம்பளத்திற்காக, தன் தாயின் சங்கிலிக்கு வட்டி கட்டினாள். இச்செய்தியைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தோழர்களே, இந்த இயக்கத்தின் மேடைகளிலே நாம் எத்தனையோ ஆண்டுகளாக மொழியுரிமை பற்றியும் காணியுரிமை பற்றியும் பேசி வந்திருக்கின்றோம். பேசியது பிழையன்று; இன்னும் பேசுவோம். ஆனால், ஒரு சம்பளச் சீட்டை எடுத்து, அதில் அடிப்படைச் சம்பளம் எது, படி எது, கழிவு எது என்று வரி வரியாக வாசிக்க நமது ஊழியர்களில் எத்தனை பேர் கற்றுக்கொண்டோம்? நாமே கற்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றோம். அந்தக் கொப்பியைப் பார்த்த பின்னரே சுற்றறிக்கைகளைத் தேடியெடுத்து வாசிக்கத் தொடங்கினோம். வாசித்ததை உங்கள் முன் வைக்கின்றோம். கணக்கு என்றதும் எவரும் எழுந்து போய்விடலாகாது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை உற்றுப் பார்க்கும் தாய்மாருக்கு இது பெரிய கணக்கன்று.

2016ஆம் ஆண்டில் வெளியான அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கையின்படி, புதிதாகப் பதவியேற்கும் தாதிய உத்தியோகத்தரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 32,525 ரூபா. இத்தொகை ஒரே நாளிலே கிடைத்துவிடவில்லை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, 2020 ஜனவரியிலேதான் முழுமையாக்கினர். அப்போது வாழ்க்கைச் செலவுப் படி 7,800 ரூபா. 2019 யூலையில் வழங்கப்பட்ட இடைக்காலப் படி 2,500 ரூபா. மூன்றையும் கூட்டினால் 42,825 ரூபா வரும். தாதியர்க்கே உரிய சில படிகளும் மேலதிக நேரக் கொடுப்பனவும் இதற்குப் புறம்பானவை. அவற்றைப் பின்னர் பார்ப்போம்.

2022 ஜனவரியில் 5,000 ரூபா விசேட படி சேர்ந்தது. 2024ஆம் ஆண்டு வாழ்க்கைச் செலவுப் படி 10,000 ரூபாவால் உயர்ந்து 17,800 ஆயிற்று. அதுவும் ஜனவரியில் பாதி, ஏப்ரலில் பாதி. ஆக, 2024 ஏப்ரலில் அதே புதிய தாதியின் தொகை 57,825 ரூபா. நான்காண்டுக்கு மேற்பட்ட காலத்தில் ஏறியது 15,000 ரூபா; நூற்றுக்கு முப்பத்தைந்து.

மறுபக்கத்தைப் பாருங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், அதற்கு முந்திய செப்டெம்பரைவிட நூற்றுக்கு 69.8 உயர்ந்திருந்தது. உணவுப் பொருள்களை மட்டும் எடுத்தால் 94.9. ஒரே ஆண்டில்! நான்காண்டுச் சம்பள உயர்வு முப்பத்தைந்து. ஓராண்டு விலையுயர்வு எழுபதுக்கு அருகில். இந்தக் கணக்கிலே எந்த வக்கீலும் குறுக்கு விசாரணை செய்து தப்ப முடியாது.

"அதெல்லாம் பழைய கதை, பணவீக்கம் குறைந்துவிட்டது" என்று கொழும்பிலிருந்து பதில் வருகின்றது. வெலிமடையிலும் ஊவா பரணகமையிலும் உருளைக்கிழங்கு பயிரிடும் அன்பர்கள் இக்கூட்டத்தில் இருக்கின்றார்கள். பணவீக்கம் குறைந்தது என்ற செய்தியைப் பத்திரிகையிலே படித்த நாளில், பசளைக் கடையிலே பழைய விலை எழுதித் தொங்கவிட்டிருந்தார்களா என்று அவர்களைக் கேளுங்கள். நமுனுகுல மலையிலே ஏறுகின்றவன், பாதி வழியில் வேகத்தைக் குறைத்தால் அவன் அடிவாரத்துக்கு வந்துவிட்டான் என்று பொருளாகுமா? விலை ஏறிய இடத்திலேயே நிற்கின்றது. இனி ஏறும் வேகம்தான் குறைந்தது. 2021 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்குமுன் 1,493 ரூபாவாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ எரிவாயு சிலிண்டர், 2022 நடுப்பகுதியில் ஏறக்குறைய 4,900 ரூபாவைத் தொட்டது. 87 ரூபாவுக்கு விற்ற மண்ணெண்ணெய் லீற்றரை 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாவாக்கினர். மின்சாரக் கட்டணம் அதே ஆகஸ்டில் நூற்றுக்கு 75, மறு பெப்ரவரியில் நூற்றுக்கு 66 என இருமுறை ஏறியது. பின்னர் சில பொருள்கள் இறங்கின என்பதை மறுக்கவில்லை. 1,493க்கு எரிவாயு திரும்பி வரவில்லை என்பதே நம் பேச்சு.

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தியது. நல்ல காரியம், கை தட்டத்தான் வேண்டும். ஆனால் தட்டுமுன் சுற்றறிக்கையை வாசிக்க வேண்டும். உயர்ந்த 15,750 ரூபாவுக்குள், ஏற்கெனவே கைக்கு வந்துகொண்டிருந்த 7,500 ரூபாப் படிகளும் அடக்கம். ஆகவே அடிமட்டத்தில் புதிதாகக் கிடைப்பது 8,250 ரூபா. அதுவும் 2025 ஏப்ரலில் ஒரு பகுதி, 2026 ஜனவரியில் ஒரு பகுதி, 2027 ஜனவரியில் எஞ்சிய பகுதி. தாதியர் தரத்தில் இத்தொகை சிறிது கூடும், முறை ஒன்றே. கடைக்காரன் மூன்று தவணையிலே அரிசி விலையை ஏற்றுவதில்லை. சம்பளம் மட்டும் தவணையிலே வருகின்றது.

இதற்கிடையில், 2025 மார்ச்சிலே தாதியர் வீதிக்கு வந்தார்கள். மேலதிக நேரக் கொடுப்பனவையும் விடுமுறை நாட் கொடுப்பனவையும் கணக்கிடும் பின்னத்தை மாற்றிவிட்டார்கள் என்பது அவர்களது குற்றச்சாட்டு. விடுமுறை நாட் கடமைக்கு முன்னர் சம்பளத்தின் இருபதில் ஒரு பங்கு. இனி முப்பதில் ஒரு பங்கு என்றால், அடிப்படைச் சம்பளம் ஏறியும் கை வரவு ஏறாது. பாமர மக்களுக்குப் பின்னம் விளங்காது என்று திறைசேரியில் இருப்போர் நினைத்திருக்கலாம். ஒரு ரொட்டியை இருபது பேருக்குப் பிரிப்பதற்கும் முப்பது பேருக்குப் பிரிப்பதற்கும் உள்ள வேறுபாடு லயத்துப் பிள்ளைக்குத் தெரியும்.

மேலதிக நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நோய் அங்கேதான் இருக்கின்றது. ஒரு தாதி அடிப்படைச் சம்பளத்தினால் வாழ்வதில்லை. மேலதிகக் கடமையினால் வாழ்கின்றாள். ஆறு மணி நேரக் கடமை முடிந்ததும் இன்னும் ஆறு மணி நேரம், இரவு பன்னிரண்டு மணி நேரம், ஓய்வு நாளை விற்று ஒரு நாள் என்று உடம்பைப் பிழிந்தால்தான் மாத முடிவில் கொப்பியிலே மிச்சம் என்ற வரி வருகின்றது. நோயுற்றால், பிள்ளை பெற்றால், தாய்க்குச் சுகமில்லாமல் ஊருக்குப் போனால் அந்த வரி அழிந்துவிடும். தூக்கமில்லாத கையினால் ஊசி போடப்படும் நோயாளி யார்? நம் தகப்பன், நம் பிள்ளை. ஆகவே இது தாதியின் வயிற்றுப் பிரச்சினை மட்டுமன்று.

இனி, நம்மை மிகவும் உறுத்திய ஒரு வினாவுக்கு வருவோம்.

பசறைப் பக்கத்திலே சென்ற மாதம் நடந்த சிறு கூட்டத்தில், முப்பது வருடம் மலையிலே வேலை செய்த தோழரொருவர் எழுந்து கேட்டார்: "ஐயா, எங்களுக்கு நாட் சம்பளம் ஆயிரத்து முந்நூற்றைம்பதாக இருந்தபோது மாதம் இருபத்தைந்து நாள் முழுப்பேர் விழுந்தாலும் முப்பத்துமூவாயிரத்து எழுநூற்றைம்பது. அதில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டுக் கழிவு. நீங்கள் சொல்லும் தாதிக்கு ஐம்பத்தேழாயிரம். அவளுக்கு நாங்கள் ஏன் கொடி பிடிக்க வேண்டும்?"

கூட்டத்திலே ஒரு சலசலப்பு எழுந்தது. அவரைச் சிலர் அமர்த்தப் பார்த்தார்கள். அமர்த்த வேண்டாம் என்றோம். நியாயமான கேள்வி. கணக்கும் சரி. நாட் சம்பளத்துக்காக அத்தொழிலாளி பட்ட பாட்டை நாம் அறிவோம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் ஆயிரம் ரூபா வந்தது. 2024இல் 1,700 என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, கம்பனிகள் நீதிமன்றம் போய், முடிவில் அந்த ஆண்டு 1,350 ஆக நின்றது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்திலே, 2026 ஜனவரி முதல் நாட் சம்பளம் 1,550, அரசாங்கம் தரும் வரவு ஊக்கத்தொகை 200, ஆக 1,750 என அறிவித்தார்கள். இருபத்தைந்து நாளுக்கு 43,750. கிலோக் கணக்கு எட்டாத நாளில் அரைப்பேர் என்ற வாளும் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றது.

அத்தோழருக்கு நாம் கூறிய பதில் இதுதான். தோழரே, அந்தத் தாதி யார் வீட்டுப் பிள்ளை? உங்கள் காம்பராவுக்கு நான்கு காம்பரா தள்ளிப் பிறந்தவள். அவளுடைய சம்பளம் அவள் ஒருத்திக்கா போகின்றது? லயத்திலே இருக்கும் பெண் வாடகை கொடுப்பதில்லை. காம்பரா ஒழுகினாலும் தலைக்குமேல் ஒரு தகரம் உண்டு. நகரத்திலே அறை எடுத்த பெண்ணுக்கு வாடகை, முற்பணம், தண்ணீர், மின்சாரம், பஸ், இரவுக் கடமை முடிந்து ஓட்டோ. அதன்மேல் வீட்டுக்கு அனுப்பும் காசு. தம்பி படிப்பதும் அவள் காசில். தகப்பனின் நீரிழிவு மருந்தும் அவள் காசில். அவளுடைய சம்பளம் குறைந்தால் குறைவது உங்கள் லயத்தின் வரும்படி. அவளைப் பார்த்து உங்களையும், உங்களைப் பார்த்து அவளையும் குறைவாக வைத்திருப்பது இலாபமாக இருப்பவர்கள் வேறு ஆட்கள். அத்தோழர் முழுவதும் சமாதானமடைந்தார் என்று சொல்ல மாட்டோம். "யோசிப்போம்" என்றார். நாமும் அவர் கேள்வியை யோசித்துக்கொண்டேயிருக்கின்றோம்.

ஏனென்றால், இந்த மலைநாட்டிலே ஒரு தமிழ்ப் பெண் அரசாங்கத் தாதியாவது இலேசாக வந்த காரியமன்று. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் சுகநலத்தைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. அதன் பயனாகத் தோட்டந்தோறும் ஒரு டிஸ்பென்சரி, ஒரு மருந்துக்காரர், ஒரு மருத்துவச்சி, பிள்ளைக்காம்பரா என்று ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. அது நாட்டின் பொதுச் சுகாதார சேவைக்கு வெளியே, துரையின் பொறுப்பிலே நின்ற ஏற்பாடு. நாட்டு மக்களுக்கு அரசாங்க வைத்தியசாலை. தோட்டத்து மக்களுக்குத் தோட்டத்து மருந்து. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் மீண்டும் கம்பனிகளிடம் நிருவாகம் கைமாறியபோதும், இந்தப் பிரிவினை முற்றாக நீங்கவில்லை. தோட்ட வைத்தியசாலைகள் சில அரசாங்கத்தின்கீழ் வந்தன. பல இன்னும் இரண்டுங்கெட்ட நிலையிலே நிற்கின்றன.

மற்றொரு பூட்டு குடியுரிமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை அங்கே, மூன்று இலட்சம் பேரை இங்கே, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்க்கலாம் என்று பங்கிட்டார்கள். பிரசையல்லாதவளுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், ஒரு தலைமுறைப் பெண்களுக்கு வெள்ளைச் சீருடை எட்டாக் கனியாயிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே இந்தக் கணக்கு ஒருவாறு தீர்க்கப்பட்டது. சட்டம் திறந்த கதவின் உள்ளே இன்னொரு கதவு இருந்தது: தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடச் சித்தி வேண்டும். விஞ்ஞானப் பிரிவும் ஆய்வுகூடமும் உள்ள தமிழ்ப் பாடசாலையைத் தேடி, மடுல்சீமையிலிருந்தும் கொஸ்லாந்தையிலிருந்தும் பிள்ளைகள் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் வந்து தங்கிப் படிக்க வேண்டும். அப்படி வந்து, தங்கி, சித்தியடைந்து, தெரிவாகி, மூன்று வருடம் பயின்று வெளியேறியவள்தான் கொப்பியிலே மிச்சம் 640 என்று எழுதுகின்றாள்.

அவள் வார்டிலே செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. அது எந்தச் சம்பளச் சீட்டிலும் தனி வரியாக நாம் காணவில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி பதுளை மாவட்டத்து மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழர். 1999இல் இம்மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகள் என வர்த்தமானியிலே பிரகடனம் செய்தார்கள். வர்த்தமானி வார்டுக்குள் வருவதில்லை. தோட்டத்துக் கிழவி "நெஞ்சு கரிக்குது, கண்ணைக் கட்டுது" என்று சொன்னால், அதை வைத்தியருக்குச் சிங்களத்திலே எடுத்துரைக்கவும், வைத்தியர் சொன்ன மருந்து முறையைக் கிழவிக்குத் தமிழிலே விளக்கவும் ஓடிவருபவள் இந்தப் பெண்தான். பக்கத்து வார்டிலிருந்தும் அவளைக் கூப்பிடுவார்கள். நெஞ்சு கரிப்பதும் நெஞ்சு அடைப்பதும் ஒன்றல்ல என்பதை அறிந்த ஒருத்தி இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அண்மையில் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இம்மாவட்டத்து மலைகளைச் சரித்துப் பாதைகளை அறுத்தபோது, இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் தேவை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

தனியார் துறைக்குப் போகலாமே என்பார் உளர். போனவர்களின் கதையும் நம் மேசைக்கு வருகின்றது. தாதியர் பேரவையிலே பதிவு பெற்றவரே தாதி என்பது சட்டம். ஆனால் ஊர்தோறும் முளைத்த நிலையங்கள், பதிவு பெறாத பெண்களைப் பயிற்சி தருகின்றோம் என்று சேர்த்து, தாதியின் உடுப்பை மாட்டி, தாதியின் வேலையை வாங்கி, சம்பளச் சீட்டிலே மட்டும் "உதவியாளர்" என்று எழுதுகின்றன. தேசிய ஆகக் குறைந்த வேதனச் சட்டம் 2016இல் மாதம் பத்தாயிரம் என்றது. 2025 ஏப்ரலில் 27,000 என்றும் 2026 ஜனவரியில் 30,000 என்றும் உயர்த்தப்பட்டது. நாதியற்ற பெண்ணுக்கு அந்த அடிமட்டமே கூரையாகிவிடுகின்றது. ஒரு பெண்ணின் மூலச் சான்றிதழ்களைப் பெட்டியிலே பூட்டிவைத்து, வேலையை விட்டுப் போவதாயின் பயிற்சிச் செலவைக் கட்டு என்றார்கள் ஒரு நிலையத்தார். பெயர் வேண்டாம், விடயம் இணக்கமாக முடிந்தது. ஒருவருடைய கல்விச் சான்றிதழைப் பணயப் பொருளாக வைத்திருக்க உமக்கு எந்தச் சட்டம் உரிமை தந்தது என்று ஒரு கடிதம் எழுதினோம். ஒரு வாரத்திலே சான்றிதழ்கள் வந்தன. தகப்பனார் விவசாயி, கட்டணத்துக்குப் பதிலாக ஒரு சாக்கு முள்ளங்கியோடு வந்தார். பக்கத்து வீடுகளுக்கும் பகிர்ந்தோம்.

எஞ்சிய வழி கடல் கடப்பது. 2022 யூனிலே, அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாம் என அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது. இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையிலே புதிய தாதிக்கு 2025-26ஆம் ஆண்டின் ஆரம்பச் சம்பளம் வருடத்துக்கு 31,049 பவுண். பவுண் ஒன்றை நானூறு ரூபாவாக வைத்தால் மாதம் பத்து இலட்சத்துக்கு மேல். அங்கே வாடகையும் வரியும் குளிரும் பாதியைத் தின்னும் என்பது உண்மை. தின்ற பின்னும் மிச்சம் 640 என்று எழுத வேண்டியிராது. போகின்றவளைத் துரோகி என்று எவரும் ஏசலாகாது. அவள் போனால் பதுளை வார்டிலே அந்தக் கிழவியின் பேச்சை யார் கேட்பது என்பதே நம் கவலை.

அயல்நாட்டுத் தமிழகத்திலே, 2015இல் தேர்வு எழுதி ஒப்பந்த அடிப்படையில் நியமனம் பெற்ற தாதியருக்கு மாதம் 7,700 இந்திய ரூபாதான் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அப்பெண்கள் ஆயிரக்கணக்காகச் சென்னையிலே கூடிப் போராடினார்கள். பின்னரே தொகை அசைந்தது. கேரளத்திலே தனியார் மருத்துவமனைத் தாதியர் பல்லாண்டு போராடி, 2018 ஏப்ரலில் ஆகக் குறைந்த சம்பளம் 20,000 இந்திய ரூபா என்ற அரசாணையைப் பெற்றார்கள். தாதியரைத் தொழிலுக்கு ஈர்க்கவும் தொழிலிலே நிலைக்கச் செய்யவும் தக்க ஊதியமும் வேலை நிலைமையும் வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் தனது 149ஆம் சமவாயத்திலே 1977ஆம் ஆண்டே எழுதிவைத்தது.

அரசாங்கத்திடம் பணமில்லை என்பார்கள். 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றது நமக்கும் தெரியும். சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளும் தெரியும். ஆயினும் 2024 ஜனவரியிலே வைத்தியர்களின் விசேட படி ஒன்றை 35,000 ரூபாவால் கூட்டப் பணம் இருந்தது. வைத்தியர்கள்மீது நமக்குப் பொறாமையில்லை. அவர்களும் நாட்டைவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள், நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் கூட்டிய அந்தப் படி ஒன்றே, புதிய தாதியின் முழு அடிப்படைச் சம்பளமான 32,525 ரூபாவிலும் பெரிது! அதைக் கண்டே எழுபத்திரண்டு சுகாதாரத் தொழிற்சங்கங்கள் அவ்வாண்டு வேலைநிறுத்தத்தில் இறங்கின. பணம் இல்லை என்பதன்று விடயம். யாருக்கு இருக்கின்றது, யாருக்கு இல்லை என்பதே.

ஆதலால் நாம் கேட்பது வானத்து நட்சத்திரத்தையன்று. முதலாவதும் மிகவும் இலகுவானதுமான காரியம்: பதவியேற்ற முதல் மாத முடிவிலேயே, கோவை எங்கே கிடந்தாலும், அடிப்படைச் சம்பளத்தை முற்பணமாகவேனும் கொடுக்க வேண்டும், எஞ்சியதைப் பின்னர் சரிக்கட்டலாம். இதற்குப் புதிய பணம் ஒரு சதமும் வேண்டாம். கொடுக்கவேண்டியதை உரிய நாளிலே கொடுப்பதே. இரண்டாவது, வைத்தியசாலை வளவிலோ அண்மையிலோ புதிய தாதியர்க்கு விடுதி. வாடகையைக் குறைத்தால் அதுவே சம்பள உயர்வு. அடிப்படைச் சம்பளத்தின் தவணை உயர்வைக் கொடுத்துவிட்டு மேலதிக நேரப் பின்னத்திலே திருப்பி எடுக்கக்கூடாது. தோட்ட வைத்தியசாலைகளை முழுமையாகப் பொதுச் சேவைக்குள் கொண்டுவந்து, தமிழ் தெரிந்த தாதியரை அங்கே அரசாங்கச் சம்பளத்திலேயே நியமிக்க வேண்டும். இருமொழியிலும் கடமையாற்றுபவர்க்கு அதற்குரிய படி வேண்டும். இவற்றுள் விடுதியைப் பற்றி நம்மிடையேயே கருத்து வேறுபாடு உண்டு. மாகாண சபையிடம் கேட்பதா, மத்திய அமைச்சிடம் கேட்பதா என்று சென்ற வாரம் இரவு பத்து மணிவரை வாதிட்டோம். இரு இடத்துக்கும் அனுப்புவது என்று முடிவு செய்தோம்.

மனு மூன்று மொழியிலும் தயாராக இருக்கின்றது. வாசலண்டையிலுள்ள மேசையில் வைத்திருக்கின்றோம். தாதியரே கையொப்பமிட்டால் மேலதிகாரிகளின் கண் அவர்கள்மீது விழக்கூடும் என்று சிலர் அஞ்சுகின்றார்கள், அச்சம் ஆதாரமற்றதன்று. ஆகவே பெற்றோரும் தொழிலாளரும் விவசாயிகளும் முதலில் கையொப்பமிடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மை உண்டு. பக்கத்திலே சாட்சி ஒருவர் பெயரெழுத வேண்டும். முதற் சம்பளம் தாமதமான தாதியர், பதவியேற்ற திகதியையும் சம்பளம் கிடைத்த திகதியையும் மட்டும் ஒரு துண்டிலே எழுதி, பெயர் போடாமல் பெட்டியில் இடுங்கள். அத்திகதிகளே நமது சாட்சியம். பசறைத் தோழர் பின்வரிசையிலே நிற்பதைக் காண்கின்றோம். லுணுகலைக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கின்றது. தூரத்துக்குப் போகின்றவர்கள் முதலில் வரலாம்.